ஓடிபி போட்டது நான்தான்

அந்தத் தெருவில் வீடுகள் பெண்கள் பேரில் இருக்கின்றன. காரைக்காலில் பள்ளிவாசலுக்குப் பின்புறம் போகும் அந்தத் தெருவில், பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் வீட்டை எழுதிக் கொடுத்துவிடுவார்கள். மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேர்வார். நஜீபாவுக்கும் அப்படித்தான். பத்திரத்தில் அவள் பெயர், வீட்டு வரி ரசீதில் அவள் பெயர், மின்சாரக் கட்டணத்தில் அவள் பெயர். வங்கிக் கணக்கும் அவள் பெயரில்தான். கணவர் மதார் சாகிப் சவூதியின் தம்மாமில் ஒரு சலவைக் கம்பெனியில் வேலை பார்த்து அனுப்பிய சம்பளமெல்லாம் அந்தக் கணக்கில்தான் வந்து விழுந்தது. ஆனால் கணக்கோடு வந்த கார்டு மட்டும் அவளுடைய நானா ஜவஹர் அலியின் சட்டைப் பையில் இருந்தது.

நானா என்றால் மூத்த அண்ணன். அவர் கார்டைப் பறித்துக்கொள்ளவில்லை. "நீ எதுக்குப் புள்ளே வெயில்ல பேங்குக்கும் வீட்டுக்கும் அலையிறே, நான் எடுத்தாந்து தர்றேன்" என்று சொல்லி வாங்கிக்கொண்டார். சொன்னபடியே எடுத்து வந்தும் கொடுத்தார். ஒரு பைசா குறைந்ததில்லை. ஆனால் கேட்க வேண்டும். கேட்டால் அவர் "எதுக்கு?" என்பார். மகளுக்குச் செருப்பு என்றால், "பெருநாளைக்குத்தானே வாங்குனோம்?" என்பார். அதற்கும் ஒரு பதில் சொல்ல வேண்டும். பதில் சொல்லிச் சொல்லியே நஜீபாவுக்கு நாற்பது வயது ஆகிவிட்டது.

மதார் சாகிப் இடுப்பு வலியோடு நிரந்தரமாக ஊர் திரும்பிய வருஷம், நஜீபா பசியாற செய்து கொடுக்கத் தொடங்கினாள். காலைப் பலகாரத்தை அங்கே பசியாற என்பார்கள். புது மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்தபின் நாற்பது நாள் அவருக்கும் அவரைப் பார்க்க வருகிறவர்களுக்கும் விதவிதமாகப் பசியாற வைக்க வேண்டும். முன்பெல்லாம் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிச் செய்வார்கள். இப்போது எல்லார் வீட்டிலும் ஆள் குறைவு. நஜீபாவிடம் சொல்லிவிடுகிறார்கள். இடியாப்பம், வட்டிலாப்பம், கறி ஆனம், முட்டை ரொட்டி. இடியாப்பம் நூல் மாதிரி இருக்க வேண்டும். தடியாக வந்தால் மாப்பிள்ளை வீட்டார் நஜீபாவைச் சொல்ல மாட்டார்கள், பெண்ணைப் பெற்றவளைச் சொல்வார்கள். அதனால் பெண்ணைப் பெற்றவர்களெல்லாம் நஜீபாவைத் தேடி வந்தார்கள்.

கையில் சொந்தக் காசு புழங்க ஆரம்பித்ததும் அவள் ஒரு காரியம் செய்தாள். வங்கிக்குப் போய், கணக்கில் இருந்த நானாவின் போன் நம்பரை எடுத்துவிட்டுத் தன் நம்பரைக் கொடுத்தாள். பிறகு நானா வீட்டுக்குப் போய்க் கார்டைக் கேட்டாள். அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்து, "பத்திரம்" என்றார். அந்த ஒரு வார்த்தை அவளை வருஷக்கணக்கில் உறுத்திக்கொண்டிருந்தது.

இத்தனையும் சொன்னது, போன வருஷம் நடந்த இடியாப்ப மிஷின் விவகாரம் புரிய வேண்டும் என்பதற்காக.

கல்யாண சீசனில் கையால் பிழிந்து பிழிந்து அவளுடைய வலது மணிக்கட்டு வீங்கிப் போயிருந்தது. டாக்டர் கட்டுப் போட்டு, "கையை அசைக்காம வைங்க" என்றார். அசைக்காமல் வைத்தால் யார் பிழிவது? அப்போதுதான் போனில் அந்த விளம்பரம் வந்தது. எவர்சில்வரில் செய்த கரண்ட் மிஷின். மேலே மாவைப் போட்டால் கீழே தட்டில் இடியாப்பம் சுற்றிச் சுற்றி விழுகிறது. இருபத்திரண்டு கிலோ எடை, ஒரு வருஷ வாரண்டி. கும்பகோணத்தில் விசாரித்ததைவிடப் பாதி விலை. கீழே இருந்த நம்பருக்குப் பேசினாள். எதிர்முனையில் இருந்தவன் வாய்க்கு வாய் "சிஸ்டர், சிஸ்டர்" என்றான். அடுப்படியில் நின்றபடியே, அவன் அனுப்பிய லிங்க்கில் கார்டு நம்பரைத் தட்டினாள். போனுக்கு ஓடிபி வந்தது. அதையும் போட்டாள்.

யாரையும் கேட்காமல், யாருடைய "எதுக்கு"வுக்கும் பதில் சொல்லாமல் அவள் வாங்கிய முதல் பெரிய பொருள் அது. மதார் சாகிப்புக்கு அவளைவிடச் சந்தோஷம். விளம்பரத்தை அப்படியே படம் பிடித்துத் தம்மாமில் தன்னோடு ஒரே ரூமில் இருந்தவர்களின் வாட்ஸப் குரூப்பில் போட்டார். 'நம்ம வீட்டுக்கு மிஷின் வருது, துஆ செய்யுங்க' என்று கீழே எழுதினார்.

திங்கட்கிழமை பார்சல் வந்தது. நஜீபா கத்தரிக்கோலை எடுத்தாள்.

"கத்தரியை வை" என்றார் மதார் சாகிப்.

"ஏங்க?"

"தனியாவா பிரிக்கிறது? வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சு எல்லாரும் வரட்டும்."

இது அவருடைய சொந்தச் சட்டம் இல்லை. வெளிநாட்டில் சம்பாதிக்கிற சபுராளிகளின் வீடுகளில் எல்லாம் உள்ள வழக்கம். சவூதியிலிருந்து நீல நைலான் கயிறு கட்டிய பெட்டி வந்தால், உறவு முழுக்கக் கூடிய பிறகுதான் கயிற்றை அறுப்பார்கள். சோப்பு யாருக்கு, சென்ட் யாருக்கு, தைலம் யாருக்கு என்று எல்லார் கண் முன்னாலும் எடுத்து வைக்க வேண்டும். தனியாகப் பிரித்தால், நல்லதை ஒளித்துவிட்டுத்தான் கூப்பிட்டாள் என்ற பேச்சு வரும். அந்தப் பேச்சு பேரன் பேத்தி எடுக்கும்வரை போகாது.

"இது உங்க தம்மாம் பொட்டி இல்லீங்க. கடையிலேர்ந்து வந்தது."

"பொட்டி பொட்டிதான்" என்றவர், அதைத் தூக்கி அலமாரிமேல் வைத்தார். வைத்துவிட்டுத் தன்னையே மெச்சிக்கொண்டார். "பாத்தியா, இடுப்பு வலிக்காரன் ஒத்தை ஆளாத் தூக்கிட்டேன். இப்பல்லாம் எடையே இல்லாம செய்றான் புள்ளே. எல்லாம் டெக்னாலஜி."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்தவர்களுக்கு நெய்ச்சோறும் தால்ச்சாவும் போட்டாள். நானாவும் அவர் மனைவி ஷரீபுன்னிசாவும் வந்திருந்தார்கள். ஷார்ஜாவில் இருக்கும் மகளுக்கு அனுப்புவதற்காக ஷரீபுன்னிசா போனில் வீடியோ பிடித்தாள். மதார் சாகிப் பிஸ்மி சொல்லி, "இந்த மிஷினால இந்தக் குடும்பத்துக்கும் இந்தத் தெருவுக்கும் பரக்கத் உண்டாகட்டும்" என்று சின்னதாகப் பேசிவிட்டு டேப்பை அறுத்தார். உள்ளே தெர்மாகோல். அதற்குள் செய்தித்தாளில் சுற்றிய ஏதோ ஒன்று. பிரித்தால் செங்கல். அதற்குக் கீழே, சந்தையில் நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற, பிளாஸ்டிக் கைப்பிடி போட்ட முறுக்கு அச்சு.

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். ஷரீபுன்னிசா மட்டும் வீடியோவை நிறுத்தாமலே, "இதா மிஷினு?" என்றாள்.

ஜவஹர் அலி செங்கல்லைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்தார். "கல்லு நல்லா வெந்திருக்கு. சூளை எதுன்னு கேட்டு வை, மாடி எடுக்குறப்ப ஆகும்" என்றார்.

ஒருவர் சிரித்தார். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். நஜீபாவும் சிரித்தாள், அந்த இடத்தில் சிரிக்காமல் இருந்தால் அழுதுவிடுவாள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அறைக்குள் போய் விற்றவனைக் கூப்பிட்டாள். "பார்சல் வந்த இருபத்துநாலு மணி நேரத்துக்குள்ள சொல்லியிருக்கணும் சிஸ்டர். நாங்க ரூல்ஸ்ல போட்டிருக்கோம்" என்றான். அடுத்த தடவை கூப்பிட்டபோது லைன் போகவில்லை. வாட்ஸப்பில் அவன் போட்டோ இருந்த இடத்தில் வெறும் வட்டம் இருந்தது. விளம்பரம் வந்த பக்கமும் காணாமல் போயிருந்தது.

திரும்பி வந்தபோது மற்றவர்கள் போயிருந்தார்கள், நானாவும் ஷரீபுன்னிசாவும் மதார் சாகிப்பும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். சிரிப்பெல்லாம் முடிந்துவிட்டது.

"போனது போவுது. அந்தக் கார்டை இங்கே கொடு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "இனிமே என்ன வேணும்னாலும் என்கிட்ட சொல்லு. நான் பாத்து வாங்கித் தர்றேன்."

"மச்சி, கொடுத்துடேன். தலைவலி விட்டுச்சு" என்றாள் ஷரீபுன்னிசா. நாத்தனாரை அங்கே மச்சி என்பார்கள்.

மதார் சாகிப் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு நாள் காத்திருக்கச் சொன்னது அவர்தானே.

"ஏமாந்தது நான், நானா" என்றாள் நஜீபா. "காசும் நான் பிழிஞ்சு சம்பாதிச்சது. பேங்குல போயி நானே கேக்குறேன். கெடைக்கலேன்னா நானே கொண்டாந்து கார்டை உங்க கையில தர்றேன். அப்புறம் கேக்க மாட்டேன்."

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கள்ல" என்றார் ஜவஹர் அலி, அங்கே எல்லாரும் இல்லாவிட்டாலும்.

சைபர் குற்றத்துக்கான 1930 நம்பருக்கு அன்றைக்கே பேசினாள். புகாரைப் பதிந்து ஒரு எண் கொடுத்தார்கள். வங்கியிலும் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். வங்கிக்குப் போகும்போது நானாவும் ஸ்கூட்டரோடு வந்து நின்றார். "தனியாப் போயி என்னா பேசுவே?" அவள் பின்னால் ஏறிக்கொண்டாள்.

வங்கியில் கூட்டம். கார்டு சம்பந்தப்பட்ட புகார்களைப் பார்க்கிற அதிகாரி சிவப்ரியா என்ற இளம்பெண். ஒரு கையால் யாருக்கோ பாஸ்புக்கைக் கொடுத்துக்கொண்டே, "சொல்லுங்க" என்றாள். நஜீபா வாயைத் திறப்பதற்குள் ஜவஹர் அலி ஆரம்பித்துவிட்டார்.

"என் தங்கச்சி மேடம். வீட்டுல இருக்குற பொம்பளை, அதுக்கு ஒண்ணும் தெரியாது. யாரோ இது கார்டுலேர்ந்து காசை எடுத்துட்டானுவ."

இப்படி ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருவார்களோ. சிவப்ரியா தலையைக் கூட நிமிர்த்தவில்லை. படிவத்தை எடுத்து, பெயர், கணக்கு எண், தேதி எல்லாம் மளமளவென்று நிரப்பினாள். ஒரு சின்னக் கட்டத்துக்குள் டிக் போட்டாள். "இங்க ஒரு கையெழுத்து, இங்க ஒண்ணு" என்று பேனாவை நீட்டினாள்.

நஜீபா பேனாவை வாங்கிக்கொண்டு படித்தாள். ஆங்கிலமும் தமிழும் கலந்த படிவம். டிக் போட்ட கட்டத்துக்கு எதிரே, 'இந்தப் பரிவர்த்தனையை நான் செய்யவில்லை' என்று இருந்தது.

"இது தப்புங்க" என்றாள்.

"எது?"

"நான் செய்யலேன்னு போட்டிருக்கீங்க. நான்தான் செஞ்சேன்."

"அட, போடு புள்ளே" என்றார் நானா, பல்லைக் கடித்துக்கொண்டு. "அவங்க பாத்துப் போட்டிருக்காங்க. ஒரு கையெழுத்துல முடியிற விஷயம்."

"ஓடிபி போட்டது நான்தான் நானா."

"யாரு இல்லேங்குறா? அதை ஊருக்கே சொல்லணுமா?"

நஜீபா பேனாவை மேசைமேல் வைத்தாள். பின்னால் வரிசையில் நின்ற ஒருவர் உச்சுக் கொட்டினார். அவள் மெதுவாகத்தான் பேசினாள். ஆனால் அந்த வரிசை முழுக்கக் கேட்டது.

"நான் போடலேன்னா பின்னே யாரு போட்டா? என் கார்டு என் கையில இருந்துச்சு. என் போன் என் கையில இருந்துச்சு. நான் பாத்து, எனக்குப் புடிச்சு, நான் காசு கட்டுனேன். அவன் சொன்ன சாமானை அனுப்பலை. அதுதான் வழக்கு. நான் கட்டவே இல்லேன்னு கையெழுத்துப் போட்டா, கார்டு என் கையில இல்லேன்னுதானே அர்த்தம்? அப்புறம் நீங்க கேக்குறதுக்கு முன்னாடியே கார்டை உங்ககிட்ட நான் கொடுத்த மாதிரிதான் நானா."

ஜவஹர் அலிக்கு முகம் சுருங்கிவிட்டது. சிவப்ரியா இப்போதுதான் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"ஓடிபி நீங்களே போட்டீங்களாக்கா?"

"ஆமாங்க."

"சாமான் வந்துச்சா?"

"செங்கல்லு வந்துச்சு."

சிவப்ரியா அந்தப் படிவத்தை இரண்டாகக் கிழித்தாள். "அப்ப இது வேறக்கா. சொன்ன பொருள் வரலைன்னு டிஸ்ப்யூட் போடணும். நல்ல வேளை கையெழுத்துப் போடலை, ஓடிபி போட்டிருக்குறது கார்டு கம்பெனிக்காரங்களுக்குத் தெரியும், நான் செய்யலைன்னு எழுதினா உடனே தள்ளிடுவாங்க. ஆனா இது இழுக்கும். அவன் பதில் சொல்லுவான், நாம பதில் சொல்லணும். என்ன சொல்லி வித்தான், என்ன வந்துச்சு, ரெண்டுக்கும் ஆதாரம் வேணும். விளம்பரம் இருக்கா?"

"அதைத்தான் எடுத்துட்டானே."

"தேடிப் பாருங்க. கிடைச்சதும் வாங்க."

வெளியே வந்து ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்யாமல் நானா கொஞ்ச நேரம் நின்றார். "பேங்குல வச்சு என்னைப் பொய்யனாக்கிட்டே" என்றார். "இல்ல நானா, நீங்க எனக்காகப் பேசுனீங்க. அதான் பிசகிப் போச்சு" என்றாள் அவள். நானா ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்தார்.

வீட்டில் மதார் சாகிப் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் இருந்தார். விளம்பரப் படம் அவர் போனில் இருக்குமே என்று கேட்டாள். செங்கல்லைப் பார்த்த அன்றே வெட்கத்தில் அழித்துவிட்டாராம். தம்மாம் குரூப்பையும் திறக்காமல் ஒதுக்கி வைத்திருந்தார். அங்கே 'மதாரு, மிஷின் வந்துச்சா? இடியாப்பம் ஒரு பார்சல் அனுப்பு' என்று கேலி ஓடிக்கொண்டிருந்தது.

"அவங்ககிட்ட கேளுங்க" என்றாள் நஜீபா.

"என்னான்னு கேப்பேன்? செங்கல்லு வந்துச்சுன்னா?"

"ஆமா. அதைத்தான்."

அவர் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார். ஒவ்வொரு எழுத்தாகத் தட்டியிருப்பார் போல, வெகுநேரம் ஆயிற்று. 'ஏமாந்துட்டோம். அந்தப் படம் யார்கிட்டயாச்சும் இருக்கா?' அவ்வளவுதான் எழுதினார். அடுத்த பத்து நிமிஷத்தில் ஆளாளுக்குப் படத்தை அனுப்பினார்கள். கேலி செய்தவனே முதலில் அனுப்பினான். அதோடு இருவர், தாங்களும் இப்படி ஏமாந்த கதையைத் தனியாக அவருக்கு எழுதினார்கள், ஒருவர் கைக்கடிகாரத்தில், ஒருவர் விமான டிக்கெட்டில். வீட்டில் சொல்ல வேண்டாம் என்று இருவருமே கேட்டுக்கொண்டிருந்தார்கள். மதார் சாகிப் இறங்கி வந்தபோது முகம் தெளிந்திருந்தது. பசிக்கிறது என்றார்.

ஷரீபுன்னிசா எடுத்த வீடியோவை வாங்கி இருவரும் உட்கார்ந்து பார்த்தார்கள். டேப்பை அறுப்பதற்கு முன்னால், பெட்டியின் எல்லாப் பக்கமும் அதில் தெரிந்தது. நடுவில் வெட்டாமல், பிஸ்மியிலிருந்து செங்கல் வரைக்கும் ஒரே ஓட்டம்.

"நிறுத்து, நிறுத்து. கொஞ்சம் பின்னாடி போ" என்றார் மதார் சாகிப். கூரியர் ஸ்டிக்கரைப் பெரிதாக்கினார். தம்மாம் ஏர்போர்ட்டில் பெட்டி பெட்டியாக எடை போட்டுப் பழகிய கண். "பாரு. நாலு கிலோன்னு போட்டிருக்கான். விளம்பரத்துல இருபத்திரண்டு கிலோ."

"அன்னைக்கு டெக்னாலஜின்னீங்க."

"சொன்னேன்தான். இப்ப அதையும் எழுதிக் கொடுக்கணுமா?"

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவர்கள் வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான்.

இந்த முறை வங்கிக்கு நஜீபா தனியாகப் போனாள். சிவப்ரியா வீடியோவைப் பார்த்தாள். மதார் சாகிப்பின் பரக்கத் பேச்சு வந்த இடத்தில் துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டாள். "சிரிக்கலைக்கா" என்றாள். "சிரிங்க, நாங்களும் சிரிச்சாச்சு" என்றாள் நஜீபா. புதுப் படிவத்தில் சரியான கட்டத்தில் டிக் விழுந்தது. அவள் ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

பிறகு ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் கஷ்டம். ஓடுகிற வேலை என்றால் அவளுக்குப் பழக்கம். சும்மா காத்திருப்பது பழக்கமில்லை. கல்யாண வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மணிக்கட்டில் கட்டோடு இடது கையால் பிழியப் பார்த்தாள். மதார் சாகிப் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "நகரு, நான் பாக்குறேன்" என்று அச்சை வாங்கிக்கொண்டார். முதல் நாள் அவர் பிழிந்தது கயிறு மாதிரி வந்தது. அதை வீட்டிலேயே வைத்துச் சாப்பிட்டார்கள். பத்து நாளில் நூல் வந்துவிட்டது. ஆனால் அவர் ஒரு தட்டு பிழிகிற நேரத்தில் அவள் நாலு தட்டு பிழிந்துவிடுவாள். இரண்டு ஆர்டரை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

நானா வாரம் ஒருமுறை வந்து தேத்தண்ணி குடித்துவிட்டு, போகும்போது வாசலில் நின்று, "வந்துச்சா?" என்பார். "இல்ல நானா." "ம்." அவ்வளவுதான். ஷரீபுன்னிசா ஒருநாள், "உங்க நானா கார்டு வைக்கிறதுக்குப் புதுப் பர்ஸ் வாங்கி வச்சிருக்காரு மச்சி" என்றாள். "நல்லதாப் போச்சு, அவரு லைசென்ஸை வைக்கச் சொல்லுங்க" என்று நஜீபா வாய்க்குப் பதில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய், கார்டு இருந்த டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள்.

சிவப்ரியாவிடமிருந்து போன் வந்தது. விற்றவன் பதில் போட்டிருக்கிறானாம். பொருள் கொடுத்தாகிவிட்டது, வாங்கியவர் நாலு நாள் கழித்துப் பெட்டியைத் திறந்துவிட்டு இல்லாததைச் சொல்கிறார் என்று எழுதியிருந்தான்.

"இதுக்கு நாம பதில் அனுப்பணும்க்கா. ஏன் உடனே திறக்கலைன்னு கேப்பாங்க. ஊர்ல இல்லைன்னு எழுதிடவா? அது சாதாரணமா எல்லாரும் சொல்றதுதான்."

நஜீபா யோசிக்கவில்லை. "ஊர்லதான் இருந்தேன். உள்ளதை எழுதுங்க."

"என்னன்னு எழுதட்டும்?"

"எங்க வீட்டுல பொட்டி வந்தா தனியாப் பிரிக்க மாட்டோம். சொந்தக்காரங்க எல்லாரும் கூடி, வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு, சாப்பாடு போட்டுத்தான் பிரிப்போம். அதனால நாலு நாள் ஆச்சு. அதனாலதான் வீடியோவும் இருக்கு, சாட்சியும் இருக்கு. நான் தனியா அன்னைக்கே பிரிச்சிருந்தா என்கிட்ட செங்கல்லு மட்டும்தான் இருந்திருக்கும். அந்த நாலு கிலோ விஷயத்தையும் சேத்து எழுதுங்க. இருபத்திரண்டு கிலோ மிஷினு நாலு கிலோ பொட்டிக்குள்ள எப்படி வந்துச்சுன்னு அவனையே கேக்கச் சொல்லுங்க."

எதிர்முனையில் சிவப்ரியா எழுதிக்கொண்டிருப்பது கேட்டது. "சொந்தக்காரங்கள்ல யாராவது சாட்சிக் கையெழுத்துப் போடுவாங்களாக்கா? கட்டாயம் இல்லை. இருந்தா பலம்."

பிரித்த அன்று அங்கே இருந்தவர்களில், கையெழுத்துக்கு ஊரில் மதிப்புள்ள ஆள் ஒருவர்தான். நஜீபா நானா வீட்டுக்குப் போனாள். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து, அவள் எழுதிக்கொண்டு வந்த காகிதத்தை முழுக்கப் படித்தார். 'பெட்டியைப் பிரித்தபோது நான் உடனிருந்தேன். உள்ளே செங்கல்லும் கை அச்சும் மட்டுமே இருந்தன.'

"இதுல கையெழுத்துப் போட்டா எனக்குத்தானே நட்டம்" என்றார்.

"ஆமா நானா."

"காசு வந்துட்டா கார்டு உன்கிட்டயே இருந்துடும்."

"ஆமா."

ஷரீபுன்னிசா கதவோரம் நின்று இருவரையும் பார்த்தாள். ஜவஹர் அலி காகிதத்தை மறுபடி ஒருமுறை படித்தார். "'கல்லு நல்லா வெந்திருந்தது'ன்னு சேக்கலியா?" என்று கேட்டபடி கையெழுத்தைப் போட்டார். மார்க்கப் பள்ளிக்கூட நிர்வாகக் கமிட்டியில் போடுகிற அதே நீளமான கையெழுத்து.

பணம் திரும்பி வந்த செய்தி ஒரு காலையில், நஜீபாவின் இரண்டு கையும் மாவில் இருந்தபோது வந்தது. போன் சத்தம் போட்டது. மதார் சாகிப் எடுத்துப் படித்தார். படித்துவிட்டு அவளிடம் காட்டினார். காட்டியவர் கண்ணில் நீர் இருந்ததா என்று அவளுக்குத் தெரியாது, இட்லிப் பானையிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. "முழுசாவா?" என்றாள். "முழுசா." "சரி, அந்தத் தட்டை எடுங்க, வெந்திருக்கும்." நாலு வீட்டுப் பசியாற போக வேண்டியிருந்தது. எல்லாம் போன பிறகுதான் கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்து, அந்தச் செய்தியை அவளே ஒருமுறை படித்தாள். வங்கிக்குப் போன் செய்து சிவப்ரியாவிடம் சொன்னாள். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. "இந்தக் கட்டத்துல டிக் போட்டு ஜெயிச்சது எங்க பிராஞ்சுல நீங்கதான்க்கா முதல்ல" என்றாள். நஜீபா அதை மதார் சாகிப்பிடம் சொன்னாள். மதார் சாகிப் தம்மாம் முழுக்கச் சொன்னார்.

நானாவிடம் அவளே நேரில் போய்ச் சொன்னாள். "ம்" என்றார் அவர். பிறகு, "மிஷின் எங்கே வாங்கப் போறே?" என்று கேட்டார். 'வாங்கணுமா' என்றோ, 'எதுக்கு' என்றோ கேட்கவில்லை.

"கும்பகோணத்துல. கண்ணால பாத்து."

"இருபத்திரண்டு கிலோன்னா நீ எப்படித் தூக்குவே? நானும் வர்றேன்."

இருவரும் பஸ்ஸில் போனார்கள். கடையில் நஜீபா விலையைக் கேட்பதற்கு முன்பாக, வீட்டில் பிசைந்து டப்பாவில் எடுத்துப் போயிருந்த மாவை மிஷினில் போட்டு ஓட்டிக் காட்டச் சொன்னாள். கடைக்காரர் தயங்கினார், ஓட்டினார். முதல் மிஷினில் நூல் தடிப்பாக வந்தது. வேண்டாம் என்றாள். இரண்டாவதில் நடுநடுவே அறுந்தது. மூன்றாவதில் விழுந்ததைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நானாவிடம் காட்டினாள். "எனக்கென்னா தெரியும், நீ சொல்லு" என்றார்.

"இதைக் கட்டுங்க" என்றாள் கடைக்காரரிடம்.

பேரம் முடிந்தது. கடைக்காரர் பில்லைப் போட்டு, கார்டு தேய்க்கிற மிஷினை எடுத்து, வழக்கம்போல ஆண்பிள்ளையான ஜவஹர் அலியின் பக்கம் நீட்டினார்.

ஜவஹர் அலி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "என்கிட்ட ஏன் நீட்டுறீங்க?" என்றார். "வாங்குறவங்க அவங்க."

நஜீபா கைப்பையிலிருந்து கார்டை எடுத்துச் செருகினாள். கடைக்காரர் ரகசிய எண்ணைப் போடச் சொன்னார். அவள் முதல் எண்ணை அழுத்துவதற்குள், ஜவஹர் அலி முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் நாலு எண்ணையும் போட்டு முடித்து, மிஷின் சத்தம் கொடுத்து, பில் வெளியே வரும்வரை அவர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.